முப்பத்தொரு கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சமையலறை மேசையைக் காலி செய்தோம். நானும் அம்மாவும் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரண வேலை அது. அதற்குப் பிறகு சேர்ந்து செய்தவை எல்லாம் நோய் சம்பந்தப்பட்டவை.

ஒரு கருவி பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவி. உள்ளங்கையில் பிடித்து இறுக்கினால் வட்ட முகப்பில் முள் நகர்ந்து எத்தனை கிலோ என்று காட்டும். கறுப்பு முள் திரும்பிவிடும். சிவப்பு முள் உச்சத்தில் நின்றுவிடும். அம்மா வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் இதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அம்மா ‘பெரியவர்’ என்பாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்க்கும் குட்டிக் கருவி ‘சின்னவர்’. வீட்டில் இரண்டு மாமனார்கள் இருப்பது போலத்தான் பேச்சு நடக்கும். “பெரியவருக்கு இன்னிக்கு ரப்பர் மாத்தினேன்.” “சின்னவர் கீழ விழுந்துட்டார், நல்லவேளை அடி இல்ல.”

நான் எடைக் கருவிகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் பாரந்தூக்கிகளில் மாட்டும் எடைமானிகள். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நான்கு எடைக்கற்களை எடுத்து வந்திருந்தேன். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. அப்பா அவற்றை இரண்டாம் மாடிக்குத் தூக்கி வந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், மூச்சு வாங்கினாலும் பேச்சை விட மாட்டார்.

“உங்கம்மா அளக்கறது மனுஷக் கையைத்தானே பாப்பா? யானைத் தும்பிக்கைய அளக்கற மாதிரி கல்லக் கொண்டு வந்திருக்க.”

“உங்க கை அம்பத்திரண்டு. வாயை அளந்திருந்தா முள்ளு தெறிச்சிருக்கும்,” என்றாள் அம்மா.

சிக்கல் என்னவென்றால், பெரியவர் சில மாதங்களாகக் குறைத்துக் காட்டுவதாக அம்மாவுக்குச் சந்தேகம். இரண்டு முறை பழுது பார்க்க அனுப்பினாள். இரண்டு முறையும் ‘குறை ஏதும் இல்லை’ என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். அம்மா நம்பவில்லை. “பெட்டியைத் திறந்தே பாத்திருக்க மாட்டாங்க. நான் கட்டின முடிச்சு அப்படியே இருக்கு.”

சந்தேகத்துக்கு ஆதாரம் அவளுடைய வலது கை. தினமும் காலையில், ஆய்வுக்காகக் கையை அளக்கக் கொடுக்கும் தொண்டர்களில் முதல் ஆள் வருவதற்கு முன் அம்மா பெரியவரை மூன்று முறை அழுத்திப் பார்ப்பாள். மூன்றில் பெரியதை ஒரு நோட்டில் எழுதுவாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தொடங்கி பத்தொன்பது வருடம் செய்தாள். முப்பத்தொன்று. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்தொன்று. அந்தக் கூடத்தின் தலைவரான டாக்டர், மீட்டர் கெட்டுப்போனால் அம்மாவின் கையை வைத்து மீட்டரைத் திருத்தலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார். அம்மா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் நோட்டில் இருபத்தெட்டு வந்தது. பிறகு இருபத்தாறு. அந்த வாரம் இருபத்தைந்து.

ஆக இரண்டே சாத்தியங்கள். பெரியவர் தப்பு என்றால், அந்த வருடம் வந்துபோன நூற்று எண்பத்து மூன்று பேரின் அளவுகளும் குப்பை. ஒவ்வொருவரும் நான்கு வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர்கள். விட்ட அளவைப் பிறகு பிடிக்க முடியாது. பெரியவர் சரி என்றால், அம்மாவின் கை தப்பு.

இரண்டாவதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“தொண்டர்களோட அளவு குறைஞ்சிருக்கா?” என்று கேட்டேன்.

“நாலு வயசு கூடித்தானே வர்றாங்க? குறையத்தான் செய்யும். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.” கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சொன்னாள். “சீக்கிரம் பாரு பாப்பா. செவ்வாக்கிழமை நான் கொத்தனார் வீட்டுக்குப் போகணும். அதுக்குள்ள யார் மேல தப்புன்னு தெரியணும்.”

கொத்தனார் அந்த வருடத்தின் நூற்று எண்பத்து நான்காவது ஆள். ஆய்வில் அவருடைய எண் நூற்றுப் பதினேழு. வர வேண்டிய மாதத்தில் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றார். இடது கையை மட்டும் அளந்தார்கள். கட்டுப் பிரித்ததும் தானே வீட்டுக்கு வந்து வலது கையை அளப்பதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். மாத முடிவோடு அந்தச் சுற்று முடிகிறது.

காலி செய்த மேசைமேல் இரண்டு முக்காலிகளை நிறுத்தி, நடுவே பெரியவரைத் தலைகீழாகப் படுக்க வைத்தேன். கைப்பிடியின் நடுவில் அப்பாவின் பழைய இடுப்பு வாரைச் சுற்றி, அதில் ஒரு கொக்கியை மாட்டினேன். அப்பா கல்லைத் தூக்கிக் கொடுத்தார். நான் மாட்டினேன். அம்மா முள்ளைப் படித்தாள்.

“பத்து.”

இன்னொன்று மாட்டினேன்.

“இருபது.”

“முப்பது.”

நான்காவது கல்லில் வார் முனகியது. “முப்பத்தொன்பதரை.”

அம்மா சிவப்பு முள்ளைத் தொடக்கத்துக்கு, சுழிக்குத் திருப்பினாள். “இன்னும் ரெண்டு தடவை. நடுவுல ஒரு நிமிஷம் விடு.”

“இது இரும்பும்மா. ஓய்வெல்லாம் வேண்டாம்.”

“விதின்னா விதிதான். மூணு தடவை, நடுவுல ஒரு நிமிஷம். ஆளுக்கொரு சட்டமா?”

ஒரு நிமிடம் விட்டோம். மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் முறையும் அதே எண்கள். மூன்றாம் முறையும் அதே.

“மீட்டர் சரியா இருக்கும்மா,” என்றேன்.

அம்மா வாரைக் கழற்றினாள். கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்தாள். ஒவ்வொரு தொண்டருக்குப் பின்னும் துடைப்பது போல, மேலிருந்து கீழாக இரண்டு முறை.

“அப்ப நூத்தி எண்பத்து மூணு பேரும் தப்பிச்சாங்க,” என்றாள்.

அவள் முகத்தில் இருந்தது நிம்மதி. நான் அதை அருகில் நின்று பார்த்தேன். நடிப்பில்லை. ஒரு வருட வேலை வீணாகவில்லை, யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டாம். அவளுக்கு முதலில் வந்தது அந்த எண்ணம்தான். தன் கை என்ற எண்ணம் அதற்கு அப்புறம்தான் வந்தது. நான் தொழிலில் எத்தனையோ பேரிடம் சோதனை முடிவைச் சொல்லியிருக்கிறேன். தனக்கு எதிரான முடிவை இப்படி வாங்கிக்கொண்டவர் வேறு யாரும் இல்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில், முழங்கை மடங்கி. பெரியவரை இடது கையில் பிடித்து அழுத்தினாள். இருபத்தெட்டு. வலது கைக்கு மாற்றினாள். இருபத்துநான்கு. வலது கைக்காரி அவள்.

அப்பா ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தார். “கல்லுல ஏதாவது கோளாறு இருக்குமா பாப்பா?”

அம்மா சிரித்துவிட்டாள். “பத்தொன்பது வருஷமா எல்லாரும் மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்றதைக் கேட்டுக் கேட்டுச் சிரிச்சேன். கடைசில நானும் அதையேதான் சொல்லியிருக்கேன், பாருங்க.”

அது உண்மை. அந்தக் கூடத்தில் தினமும் கேட்கிற வசனம் அது. எண் குறைந்தால் யாரும் கையைச் சந்தேகிப்பதில்லை. ஒரு முறை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் மரக்கடைக்காரர். மனைவி ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர். மனைவிக்கு நாற்பத்தொன்று வந்தது. கணவருக்கு முப்பத்தொன்பது.

“இது கெட்டுப்போச்சு,” என்றாராம் கணவர்.

“உங்களுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தார்?” என்றாளாம் அம்மா.

“அப்ப இவ உடைச்சிருப்பா.”

அம்மா இதைச் சொல்லும்போது அப்பா சத்தமாகச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். அந்த மனைவியின் விரல்களைப் பற்றித்தான் பேசுவாள். சின்னவரை நசுக்கியபோது கட்டைவிரல் துளிக்கூட நடுங்கவில்லையாம்.

அம்மா படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பதின்மூன்று வயதானபோது டாக்டர் தன் ஆய்வைத் தொடங்கினார். ஆரோக்கியமான மனிதர்களின் கைப்பலம் வயதோடு எப்படி மாறுகிறது என்பதே கேள்வி. அதற்கு எழுநூறுக்கு மேற்பட்ட தொண்டர்கள். அளப்பதற்கு ஒரே ஆள் வேண்டும், எல்லோரிடமும் ஒரே மாதிரிப் பேசுகிற ஆள். டாக்டர் கீழ்த்தளத்துக்கு வந்து ஆறு பேரை ஒரே வாக்கியத்தைப் பத்து முறை சொல்லச் சொன்னார். ஐந்து பேருக்குக் குரல் ஏறியது, இறங்கியது, அலுத்தது. அம்மாவுக்கு அலுக்கவில்லை.

வாக்கியம் இது: “பிடிங்க. அழுத்துங்க, அழுத்துங்க, அழுத்துங்க. விடுங்க.”

நான் ஒருநாள் கல்லூரி விடுமுறையில் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சின்ன அறை. ஒரு ஜன்னல், கை இல்லாத ஒரு நாற்காலி, அம்மாவுக்கு ஒரு முக்காலி. தொண்டர் உட்காருவார். அம்மா எதிரே குனிந்து, கருவியின் அடியை இரண்டு விரலால் தாங்குவாள். தாங்குவதுதான், தூக்குவதில்லை. முகப்பு அவள் பக்கம் இருக்கும். தொண்டருக்கு முள் தெரியக் கூடாது. பிறகு அந்த வாக்கியம். அன்று பதினொரு பேர். ஆளுக்குப் பன்னிரண்டு முறை. நூற்று முப்பத்திரண்டாவது ‘விடுங்க’வும் முதல் ‘விடுங்க’வும் ஒன்றாகவே இருந்தன. இயந்திரங்களில்கூட அவ்வளவு ஒற்றுமையை நான் அதிகம் கண்டதில்லை.

முகம் அவளுக்கு நினைவிருக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் விழிப்பாள். அவர் காய்கறிப் பையைத் தூக்கும்போது கையைப் பார்த்துவிட்டு, “ஆமா, இருநூத்தி ஆறு, இடது சுண்டுவிரல் மடங்காது, நல்லா இருக்கீங்களா?” என்பாள். அவர் பூரித்துப்போவார்.

சோதனை செய்த ஞாயிறன்றே ஒரு நரம்பு மருத்துவரிடம் நேரம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

“செவ்வாக்கிழமை கொத்தனார் வீடுன்னு சொன்னேனே,” என்றாள் அம்மா.

“அடுத்த வாரம் போலாம்மா.”

அடுத்த வாரம் ஊசி குத்தித் தசைகளைச் சோதித்தார்கள். அதற்கடுத்த வாரம் நோயின் பெயரைச் சொன்னார்கள். நரம்பு ஒவ்வொன்றாகத் தசையைக் கைவிடும் நோய். கையில் தொடங்கும், கையோடு நிற்காது. மாதம் முடிந்தது. சுற்றும் முடிந்தது.

நான்கு மாதம் வேலைக்குப் போனாள். போன முதல் நாளே டாக்டரிடம் சொன்னாளாம்: “இனிமே என் கையை நம்பாதீங்க டாக்டர். கல்லு வாங்கி வச்சிருங்க.” காலை நோட்டை அன்றோடு நிறுத்தினாள். கருவியின் அடியைத் தாங்கும் விரல்கள் நடுங்கத் தொடங்கிய அன்று, யாரும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். அந்த நடுக்கம் தொண்டரின் எண்ணில் கலந்துவிடும் என்றாள்.

டாக்டர் தானே வீட்டுக்கு வந்து ஒரு பழைய பெரியவரைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா கேட்டிருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு நான் அவளை அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் முறையே திட்டு வாங்கினேன்.

“பிடிங்க,” என்றேன். “அழுத்துங்க, அழுத்துங்க, அழுத்துங்க...”

“நிறுத்து. குரல்ல கெஞ்சற.”

“கெஞ்சலம்மா.”

“கெஞ்சற. நீ கெஞ்சினா அரைக் கிலோ கூட வரும். அந்த அரைக் கிலோ என்னோடது இல்ல, உன்னோடது. மறுபடி சொல்லு.”

சமையலறையிலிருந்து அப்பா, “எனக்கும் இதே மாதிரி ஒரு குரல்ல பேசக் கத்துக்குடுத்திருந்தா வீட்டுல சண்டையே வந்திருக்காது,” என்றார்.

“உங்களுக்குக் கெஞ்சற குரல்தான் நல்லா இருக்கும்,” என்றாள் அம்மா.

வாக்கியத்தைக் கெஞ்சாமல் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பத்தொன்பது. பதின்மூன்று. எட்டு. அவள் எண்ணைக் கேட்க மாட்டாள். தொண்டர்களுக்கு முள்ளைக் காட்டக் கூடாது, இப்போது அவள் தொண்டர். அளந்து முடித்து மூன்றையும் எழுதிய பிறகுதான் நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். பார்ப்பாள். தலையசைப்பாள். ஒரு முறை, “கோடு நல்லா வருது,” என்றாள். அந்தக் கோடு எங்கே போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கல் மாட்டிச் சோதித்த ஞாயிறிலிருந்து பதினோராவது மாதம் முள் அசையவில்லை. மூன்று முறையும் அசையவில்லை. நடுவே ஒரு நிமிடம் விட்டேன். நோட்டில் தேதியை எழுதினேன். கட்டத்தில் எதையும் எழுதாமல் மூடப் போனேன்.

அப்போது அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள்.

“சுழி... போடு.”

“வேண்டாம்மா.”

“காலின்னா... எடுக்கலன்னு அர்த்தம். நாம... எடுத்தோம்.”

மூன்று சுழி போட்டேன். பார்த்தாள். தலையசைத்தாள்.

அந்த ஞாயிறு சோதனையிலிருந்து பதினைந்தாவது மாதம் இறந்துபோனாள். ஐம்பத்தெட்டு வயது.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். அம்மாவின் மேசையிலிருந்த பொருட்கள். மூக்குக் கண்ணாடி, கைப்பிடி துடைக்கும் துணி, பெரியவரின் பழைய பெட்டி, பத்தொன்பது காலை நோட்டுகள். அவர் ஒரு நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஒரு ஆளோட கையைத் தினமும் இத்தனை வருஷம் அளந்து நான் பாத்ததில்லம்மா,” என்றார் கடைசியில். “நோய் வந்தப்புறம் அளப்போம். வர்றதுக்குப் பதினேழு வருஷம் முன்னாடியே யார் ஆரம்பிப்பா? ஆரம்பிக்கணும்னு யாருக்குத் தெரியும்?”

“அம்மா தன்னை அளக்கல டாக்டர். மீட்டரைத்தான் அளந்தா.”

“அதான் சொல்றேன்.” அவருக்குக் கண் கலங்கியது. “அதனாலதான் இது இவ்வளவு சுத்தமா இருக்கு.”

நான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். நான்காயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டு எண்கள். ஏற்ற ஒன்பது நாள் ஆனது. வரைந்து பார்த்தேன்.

பதினேழு வருடம் கோடு தரையைப் போல நேராக ஓடுகிறது. தொழிலில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் யாரோ எண்களைக் கற்பனையாக எழுதிவிட்டார்கள் என்று சந்தேகிப்பேன். உற்றுப் பார்த்தால் ஏற்ற இறக்கம் தெரிகிறது. எனக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்த ஆறு நாளும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது. இரவெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் போய் வேலை பார்த்திருக்கிறாள். அந்த நாட்களில்கூட ஒரு கட்டம் காலியில்லை. மொத்தத்திலும் பெரிய எண் முப்பத்து நான்கு. ஒரே ஒரு நாள். தேதியைப் பார்த்தேன். அதற்கு முதல் நாள் நான் அவளோடு சண்டை போட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு விடுதிக்குப் போனேன். பெரியவர் அன்று நல்ல அடி வாங்கியிருக்கிறார்.

பிறகு கோடு சாயத் தொடங்குகிறது. அவள் சந்தேகப்படுவதற்குப் பதினாறு மாதம் முன்பே. கண்ணுக்குத் தெரியாத சாய்வு, மாதத்துக்குக் கிலோவில் பத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால்தான் தெரியும். அந்தப் பதினாறு மாதமும் அவள் தினமும் அழுத்தி, வந்ததை வந்தபடியே எழுதியிருக்கிறாள். முப்பத்தொன்று வர வேண்டும் என்று ஒரு நாளும் நான்காவது முறை அழுத்தவில்லை. மூன்றுதான். விதி.

அந்தக் கோட்டைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பா தினமும் அதன் முன் நின்று பார்க்கிறார். அவர் எதுவும் சொல்லாமல் நிற்பது இந்த வீட்டுக்குப் புதிது.

பெரியவரின் பழைய பெட்டியைக் கடைசியாகத்தான் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது. அம்மாவின் கையெழுத்து, இன்னும் நேராக இருந்த காலத்தது.

மேலே ‘117, கொத்தனார், செவ்வாய்’ என்று இருக்கிறது. அடுத்து முகவரி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது வீடு, மாடி. மணி வேலை செய்யாது, கதவைத் தட்ட வேண்டும். காலையில் போனால்தான் இருப்பார். கை இல்லாத நாற்காலி அங்கே இருக்கிறதா என்று தெரியவில்லை, முக்காலி எடுத்துப் போக வேண்டும். மருமகனிடம் காட்ட வேண்டும் என்று தன் பழைய எண்களைக் கேட்டார், மறக்காமல் கொடுக்க வேண்டும்.

அதற்குக் கீழே, கிழித்துக் கொடுக்க வசதியாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வலது கை என்று எழுதி, நான்கு வருட இடைவெளியில் மூன்று தேதிகள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. ஐம்பத்தைந்து.

நான்காவது வரிசையில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி மட்டும் இருக்கிறது.